மடவை மீனும் உள்நாட்டு ஏரிகளும்

தருமபுரி ஜில்லாவில் கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் முதலிய இடங்களிலுள்ள குடியானவர்களிற் சிலர் பயிர்த்தொழிலோடு மீன் வளர்ப்பையும் ஓர் உபதொழிலாய்க் கைக்கொள்ள விரும்புகின்றனர். பண்ணைக்குட்டை வெட்டினோரும் ஊர் ஏரியைக் குத்தகைக்கு எடுத்தோரும் எந்த மீனை விடலாமென்று விசாரிக்குங்கால், கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றின் பெயரோடு சிற்சில சமயங்களில் மடவையின் பெயரும் அடிபடுவதுண்டு. கடலிலும் வாழும், உப்பங்கழியிலும் வாழும், நல்ல ஜலத்திலும் வாழும். சேற்றையே தின்று வளரும். சந்தையில் நல்ல விலை பெறும் என்பன அம்மீனுக்குச் சொல்லப்படும் சிறப்புக்கள். இவற்றிற் பெரும்பகுதி உண்மையே. ஆயினும் இப்பேச்சில் சொல்லப்படாது நின்றுவிடும் சங்கதி ஒன்றுண்டு. மடவை நன்னீரில் வளருமேயன்றி நன்னீரில் இனம் பெருக்காது. இதனை அறியாது பணத்தைச் செலவிடும் குடியானவருக்குக் கைப்பொருளோடு ஒரு பருவத்து நீரும் வீணாகும். ஆதலின் அம்மீனின் வாழ்க்கை வரலாற்றைச் சற்று விரிவாய் அறிந்துகொள்ளுதல் நலம்.

உருவமும் அடையாளமும்

மடவை என்பது ஒரு தனி மீனின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தில் எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள் உலகெங்கும் உள்ளன. யாழ்ப்பாணப் பகுதியில் இவற்றுட் சிலவற்றை மணலை என்றும் வழங்குவர். இவற்றுள் உருவத்தாற் பெரியதும், வளர்ப்புக்கு ஏற்றதென்று பல தேசத்தாரும் கொண்டிருப்பதும், 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் தேசத்துப் பண்டிதர் மூகில் செபாலஸ் என்று பெயரிட்ட இனமாகும். இக்கட்டுரையில் மடவை என்று வாளா கூறுமிடத்தெல்லாம் இவ்வினத்தையே கொள்க.

இதன் உடல் உருண்டு திரண்டு நீண்டிருக்கும். தலை அகன்று, மேற்புறம் தட்டையாயிருக்கும். முதுகு சாம்பல் கலந்த பச்சை, வயிறு வெள்ளி. விலாப்புறத்தில் தலையிலிருந்து வாலை நோக்கி ஏழு வரையிலான மங்கலான கோடுகள் ஓடும். கண்ணின்மேல் கொழுப்பினாலாகிய கண்ணாடி போன்ற ஒரு சவ்வு மூடியிருப்பது இவ்வினத்தின் விசேஷ லட்சணம். வாய் சிறிது, பற்கள் உண்டோ இல்லையோ என்னும்படி மிக நுண்ணியவை.

குடியானவர் நினைவில் வைக்க வேண்டிய அடையாளம் முதுகுத் துடுப்பே. மடவைக்கு முதுகில் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இரண்டு துடுப்புகள் உள்ளன. முன்னதில் நான்கு முட்கள் மட்டும் இருக்கும். பின்னது மெல்லிய நரம்புகளால் ஆயது. கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை ஆகிய யாவற்றுக்கும் முதுகுத் துடுப்பு ஒன்றே. விராலுக்கும் ஒன்றே, அது முதுகு நெடுக நீண்டிருக்கும். ஜிலேபிக் கெண்டைக்கும் முள்ளும் நரம்பும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரே துடுப்புத்தான். ஆகவே மடவைக் குஞ்சு என்று சொல்லி எவரேனும் கொண்டுவந்தால், ஒன்றை வெள்ளைத் தட்டில் சிறிது நீரோடு விட்டு முதுகைப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

பாதிதான் தீரும் என்பதற்குக் காரணம் உளுவை. ஆற்று மணலிலும் ஏரியடியிலும் கிடக்கும் உளுவைக்கும் துடுப்பு இரண்டு, தலை தட்டை, உடல் உருண்டை. ஆனால் உளுவையின் வாய் பெரியது; அதன் வயிற்றுப்புறத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாய்க் கூடிக் கிண்ணம்போல் இருக்கும். மடவைக்கு அவை தனித்தனியே பிரிந்திருக்கும். உளுவை பிற மீன்களின் குஞ்சைத் தின்னும் ஜாதியாதலால், இரண்டையும் மாற்றிக்கொள்வது சிறு பிழையன்று.

இரையும் வாழ்க்கையும்

மடவை பிற மீன்களை வேட்டையாடித் தின்பதன்று. குஞ்சாயிருக்கையில் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும்; வளர்ந்தபின் அடிச்சேற்றின்மேற் படியும் பாசி, மட்கிய இலைதழை, அவற்றோடு சேர்ந்த நுண்ணுயிர்கள் ஆகியவற்றை மணலோடு உறிஞ்சி, வேண்டாத மணலைச் செவுள் வழியே வெளியேற்றும். ஓரளவு மணல் வயிற்றினுள்ளும் செல்லும். அதுவும் வீண்போவதில்லை. மடவையின் இரைப்பையில் ஒரு பகுதி, கோழியின் வயிற்றில் தானியத்தை அரைக்கும் தசைப்பையைப்போல் தடித்து உருண்டிருக்கும். கோழி கல்லை விழுங்கித் தானியத்தை அரைப்பதுபோல, மடவை மணலைக்கொண்டு பாசியின் கடின ஓட்டை அரைத்துக்கொள்கிறது. அதன் குடலும் உடலின் நீளத்தைப்போல் பன்மடங்கு நீண்டது. பிறர்க்கு உபயோகமற்றதென்று ஒதுக்கப்படும் சேற்றினின்று நல்ல மாமிசத்தை உண்டாக்கும் இத்தன்மையினாலேயே மடவைக்கு வளர்ப்பு மீன்களுள் ஓர் இடம் ஏற்பட்டது.

இதன் சஞ்சாரம் விசித்திரமானது. மடவை வளர்வது கழிமுகம், உப்பங்கழி, ஆற்றின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில். முட்டையிடுவதோ திறந்த கடலில். சுமார் மூன்று வயதளவில் பருவமெய்திய மீன்கள் கூட்டங்கூட்டமாய்க் கழிமுகத்தை விட்டுக் கடலுக்குச் செல்லும். நமது கீழ்க்கரையில் இது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நிகழ்வது. வெள்ளத்தால் முகத்துவாரங்கள் திறந்து, கழியின் உவர்ப்புக் குறையுங் காலம் அது. ஒரு பெண் மீன் தன் உருவத்திற்கேற்ப ஐந்து லட்சம் முதல் இருபது லட்சம் வரையில் முட்டைகள் இடும். முட்டைகள் நீரில் மிதந்து, ஏறக்குறைய 48 மணி நேரத்திற் பொரிக்கும். அப்போது குஞ்சின் நீளம் 2.4 மில்லிமீட்டரே. 16 முதல் 20 மில்லிமீட்டர் வளர்ந்தபின் அவை கரையை நாடிக் கழிமுகங்களுட் புகும். அத்தனை லட்சத்தில் அங்கு வந்து சேருவன மிகச் சிலவே.

உப்பு நீரினின்று நன்னீருக்கு மாறும் ஆற்றலும் ஒரே நாளில் வருவதன்று. குஞ்சு 4 முதல் 7 சென்டிமீட்டர் வரை வளர்ந்தபின்னரே, கடல்நீர் முதல் நன்னீர் வரை எதனையும் முழுதும் தாங்கும் உறுதி அதன் உடலுக்கு ஏற்படுகிறது. அதற்கு முன் சடுதியில் நன்னீரில் விட்டால் பெரும்பகுதி மாண்டுபோகும். வளர்ந்த மீன் நன்னீர்க் குளத்தில் எத்தனை ஆண்டு இருப்பினும் அதன் சினை முதிர்ந்து முட்டையாய் வெளிப்படுவதில்லை. சினையை உப்பிட்டு உலர்த்தி உயர்ந்த விலைக்கு விற்கும் வழக்கம் ஜப்பானிலும் இத்தாலியிலும் உண்டு. அதற்குரிய முதிர்ந்த சினையும் கடலை நோக்கிச் செல்லும் மீனிடத்துக் கிடைப்பதேயாம்.

எங்கெங்கு உள்ளது

பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 42 பாகை முதல் தெற்கே 42 பாகை வரை, உலகின் கடற்கரைகளில் மடவை காணப்படுகிறது. இத்தனை பரந்த இடத்திலுள்ளது ஒரே இனந்தானா என்பதை மரபணு ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். ஒரே பெயரின்கீழ் உருவத்தால் ஒத்த பல கிளைகள் அடங்கியிருப்பதாய் அவர்களுடைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தமிழ்நாட்டில் பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழிமுகம், பரங்கிப்பேட்டையிலுள்ள வெள்ளாற்று முகத்துவாரம், பிச்சாவரம், முத்துப்பேட்டை ஆகியவை மடவையும் அதன் சுற்றத்தாரும் மிகுந்துள்ள இடங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைச் சர்வகலாசாலையின் கடல் உயிரியல் நிலையம் அமைந்திருப்பதால், அக்கழிமுகத்து மீன்கள் நெடுங்காலமாய் ஆராயப்பட்டு வந்துள்ளன.

கடத்தூர்ப் பக்கத்தில் மடவை இயற்கையாய் ஏன் இல்லை என்னும் கேள்விக்கு நதியின் போக்கே விடை கூறும். சேர்வராயன் மலையில் தோன்றிப் பாப்பிரெட்டிப்பட்டி வழியே ஓடும் வாணியாறு தென்பெண்ணையிற் கலக்கிறது. தென்பெண்ணை கடலூரையடுத்துக் கடலிற் சேர்கிறது. கடலூர்க் கழியினின்று ஒரு மடவை புறப்பட்டு மேல்நோக்கி வருமாயின், ஆண்டிற் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் மணலாற்றையும், திருக்கோவிலூர் முதலிய இடங்களின் அணைக்கட்டுக்களையும் தாண்டவேண்டும். அவற்றைத் தாண்டினும் 1958-இல் கட்டி முடிந்த சாத்தனூர் அணையைத் தாண்டுதல் எவ்வாற்றானும் இயலாது. காவிரிப் பக்கத்திலும் நிலைமை இதுவே. கடலினின்று காவிரியில் ஏறிவந்து முட்டையிடும் வழக்கமுடைய உல்லம் மீன், 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் அந்நதியில் மிகவும் குன்றிப்போயிற்று. பயிருக்கு நீர் தந்த அணைகள் வலசை மீனுக்கு வழியடைத்தன; இரண்டையும் ஒருங்கே கணக்கிற்கொள்வது நியாயம். மொத்தத்தில், கடத்தூர் ஏரியில் மடவை இருக்கவேண்டுமாயின் மனிதன் கையால் கொணர்ந்து விட்டாலன்றி இராது.

இவ்வாறு கொணர்ந்து விடுவது புதுமையன்று. எகிப்து தேசத்தில் கடற்கரையிற் பிடித்த மடவைக் குஞ்சுகளை உள்நாட்டிலுள்ள காரூன் ஏரியில் விடும் வழக்கம் 1920-களிலேயே தொடங்கிற்று. தைவானிலும் இஸ்ரேலிலும் நன்னீர்க் குளங்களில் கெண்டை இனங்களோடு இதனையும் சேர்த்து வளர்த்திருக்கின்றனர். அங்கெல்லாம் பலன் கண்டோர் குஞ்சை ஆண்டுதோறும் புதிதாய் விட்டே பலன் கண்டனர்.

இங்கு ஓர் ஒப்புமை கூறுதல் தகும். கட்லாவும் ரோகுவும் மிர்காலும் கூடத் தேங்கிய ஏரியில் முட்டையிடுவதில்லை; அவற்றுக்குப் பெருக்கெடுத்த ஆற்றுநீர் வேண்டும். ஆகையால் முன்னாளில் அவற்றின் குஞ்சுகளையும் ஆற்றில் வலையிட்டுப் பிடித்தே குளங்களில் விட்டு வந்தனர். பல இனமும் கலந்து வரும் அக்குஞ்சுகளுள் நல்லது எது, கெட்டது எதுவென்று பிரித்தறிவதே பெரும்பாடாயிருந்தது. 1957-இல் ஹிராலால் சௌதுரி என்னும் அறிஞர் ஒடிசாவில், மீனின் மூளையடிச் சுரப்பியினின்று எடுத்த சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கெண்டை இனங்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அதன்பின்னரே பொரிப்பகங்கள் பெருகி, வேண்டும் இனத்தின் குஞ்சு வேண்டும் காலத்தில் விலைக்குக் கிடைக்கலாயிற்று. மடவையிலும் அத்தகைய முயற்சி நடந்துள்ளது. 1987-இல் ஏற்பட்ட சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு மத்திய ஆராய்ச்சி நிலையத்தார் அதனைச் சிறைநீரில் முட்டையிடச் செய்து குஞ்சு பொரித்திருக்கின்றனர். எனினும் கெண்டைக் குஞ்சைப்போல் எங்கும் எப்போதும் கிடைக்கும் நிலைமை வரவில்லை. குஞ்சு விஷயத்தில் மடவை இன்னும் 1957-க்கு முந்திய கட்லாவின் ஸ்தானத்திலேயே பெரும்பாலும் நிற்கிறது என்னலாம்.

கடத்தூர்க் குளங்களின் நிலை

தருமபுரி ஜில்லாவில் ஆண்டுச் சராசரி மழை சுமார் 850 முதல் 900 மில்லிமீட்டர். ஏரிகள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிச் சித்திரை வைகாசியில் வற்றும். ஆறு மாதமே நீர் நிற்கும் ஏரியில் மடவை விடுதல் பொருந்தாது. நல்ல இரையுள்ள குளத்தில் ஓராண்டில் அரைக் கிலோவை ஒட்டி வளரக்கூடிய மீன், அவ்வேரியில் விற்பனைக்கு ஏற்ற பருமனை அடையுமுன்னரே பிடிக்கப்பட நேரும். ஆண்டு முழுதும் ஐந்தடிக்குக் குறையாது நீர் நிற்கும் குட்டையும், கால்வாய்ப் பாய்ச்சலோ கிணற்றுப் பாய்ச்சலோ உள்ள பண்ணைக் குளமுமே இதற்கு உரியவை. பழைய பாசனக் கிணறுகளில் விடலாமா என்று கேட்போர் உளர். கிணற்றில் சூரிய வெளிச்சம் அடிவரை செல்வதில்லை. மேயும் சேற்றுப் பரப்பும் குறைவு. அடியில் மேயும் மீன் அங்குக் கொழுக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. இந்த ஜில்லாவிற் பல கிணறுகளின் நீர் சற்று உவர்ப்பாயிருப்பது மடவைக்கு இடையூறன்று. அந்நீரைக் குட்டையில் பாய்ச்சினால் அதனைக் கெண்டை இனங்களினும் எளிதில் அது தாங்கும். இதுவொன்றே இப்பகுதியில் மடவைக்குள்ள உண்மையான சாதகம்.

குளத்தைச் செப்பனிடுதலிற் கவனம் வேண்டும். விரால், வாளை, கெளுத்தி, உளுவை முதலியவை இருக்குமிடத்தில் விரலளவுக் குஞ்சை விடுவது அவற்றுக்கு விருந்திடுவதேயாகும். குளத்தை முழுதும் வற்றவிட்டுக் காயவைத்தல் உத்தமம். அது கூடாதவிடத்து இலுப்பைப் புண்ணாக்கை ஏக்கருக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 1,000 கிலோ வீதம் நீரில் ஊறவைத்துக் கரைத்துத் தெளித்தால் வேண்டாத மீன்கள் மயங்கி மேலே வரும். அதன் நஞ்சு தணிய மூன்று வாரம் விடவேண்டும்; பிறகு அதுவே எருவாகும். பின்னர் ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ சுண்ணாம்பும், சில வண்டி மக்கிய சாணமும் இட்டு, நீர் பச்சை நிறம் கொண்டபின் குஞ்சை விடலாம். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று ஏறக்குறைய எல்லா ஏரிகளிலும் நிறைந்துவிட்ட ஜிலேபிக் கெண்டையை இவ்வேளையில் ஒழிக்கத் தவறினால், அது மாதந்தோறும் பெருகி மடவைக்குரிய இரையைப் பங்கிட்டுக்கொள்ளும்.

மடவை மட்டும் நிறைந்த குளத்தைக் கடத்தூர்க் குடியானவருக்குச் சிபாரிசு செய்வதற்கில்லை. கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுமட்டத்திலும் மிர்கால் அடிமட்டத்திலும் மேய்வன. மடவையும் அடியில் மேய்வதாதலால், அது வந்தால் மிர்கால் குறையவேண்டும். ஏக்கருக்கு விடும் இரண்டாயிரம் குஞ்சுகளில் மிர்காலுக்குரிய பங்கிலிருந்து இருநூறு முந்நூறை மட்டும் மடவைக்கு மாற்றிப் பார்ப்பது முதலாண்டுக்குப் போதும். குஞ்சு கிடையாவிடினும் வளர்ப்பு முறிவடையாது என்பது இதிலுள்ள லாபம். மேட்டூர், கிருஷ்ணகிரி அணைகளையொட்டிய அரசாங்கப் பண்ணைகளில் கெண்டைக் குஞ்சு வாங்குவோர் மடவைக்காக அந்த ஏற்பாட்டைக் கைவிடலாகாது.

குஞ்சு வாங்குதல்

கழிமுகத்தில் வலையில் விழும் மடவைக் குஞ்சுகள் ஒரே இனமாய் இரா. மடவைக் குடும்பத்துள் ஒரு சாணுக்கு மேல் வளராத சிற்றினங்களும் உள. அவற்றின் குஞ்சுக்கும் பெரிய மடவையின் குஞ்சுக்கும் ஓர் அங்குலப் பருவத்தில் வேற்றுமை காண்பது பழகியவர்க்கே அரிது. கண்மேற் சவ்வும் அப்பருவத்தில் தெளிவாயிராது. எனவே மிகச் சிறிய குஞ்சை மலிவென்று வாங்குவதினும், நாற்றங்காலில் மூன்று அங்குலம் வரை வளர்த்து இனம் பிரித்துத் தருவோரிடம் அதிக விலைக்கு வாங்குவதே சிக்கனம். கீழ்க்கரையில் குஞ்சுகள் கழிமுகம் சேருவது மார்கழியை ஒட்டியும் அதற்குப் பின்னுமாதலால், அக்காலத்தையொட்டியே ஏற்பாடு செய்யவேண்டும். ஆடியில் வந்து மடவைக் குஞ்சு என்று கூவி விற்பவரிடம் முதுகுத் துடுப்பை மட்டுமன்றி ஊரையும் பேரையும் விசாரிப்பது விவேகம்.

கடற்கரையினின்று கடத்தூர் நேர்கோட்டிலேயே 150 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளது. மடவையின் செதிள் எளிதில் உதிரும், கைபட்டால் புண்ணாகும். பிடித்த குஞ்சை ஒரு நாள் இரை போடாது வைத்து, பிராணவாயு நிரப்பிய பைகளில் இரவின் குளிர்ச்சியிற் கொண்டுவருதல் வேண்டும். விற்பவர் எத்தகைய உவர்ப்பில் வைத்திருந்தார் என்பதைக் கேட்டறிந்து, உவர்நீரில் இருந்தவையாயின் தொட்டியில் இட்டு, சில நாட்களில் சிறுகச் சிறுக நன்னீர் சேர்த்துப் பழக்கியபின்னரே குளத்தில் விடவேண்டும். இந்தச் சில நாட் பொறுமையின்மையால் இழக்கப்படும் குஞ்சுகள், வழியில் இறப்பனவற்றினும் மிகுதியாகலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

ஊராட்சிக்குரிய ஏரியாயினும் நீர்வள இலாகாவுக்குரிய ஏரியாயினும், மீன்பாசிக் குத்தகை எழுதும்போது இனத்தின் இயல்பை நோக்கி நிபந்தனை விதித்தல் வேண்டும். குத்தகை முடியுங்கால் தாய்மீனை விட்டுச் செல்லவேண்டும் என்னும் நிபந்தனை விராலுக்குப் பொருந்தும். மடவைக்கும் கட்லாவுக்கும் அதனாற் பயனில்லை, அவை அங்கு இனம் பெருக்காமையால். அவற்றுக்கு, ஆண்டுதோறும் இத்தனை குஞ்சு, இன்ன அளவில், இன்ன மாதத்துக்குள், ஊர்ப் பிரதிநிதி முன்னிலையில் எண்ணி விடப்படவேண்டும் என்று எழுதுவதே தக்கது. மடவை விட்டதாய்ச் சொல்லி ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடுதல் எங்கேனும் நேர்ந்தால் உடனே தடுக்கப்படவேண்டும். அரசாங்கத்தாற் தடை செய்யப்பட்ட அம்மீன், வெள்ளத்தில் வெளியேறினால் வாணியாறு வழியே கீழுள்ள ஏரிகளுக்கும் பரவும்.

கழிமுகத்திலுள்ள செம்படவர்களின் நிலையையும் மறத்தல் கூடாது. உள்நாட்டுக் குளங்களுக்கென்று அளவின்றிக் குஞ்சை வாரிச்சென்றால், பின்னாளில் அவர்கள் வலைக்கு மீன் இராது. பொரிப்பகக் குஞ்சு கிடைக்குமாயின் அதனையே முதலிற் கோருவது இருசாராருக்கும் நன்மை.

அறுவடை விஷயத்தில் ஒரு குறிப்பு. மடவை துள்ளுந் தன்மையது. புதுநீர் பாயும் மடைவாயில் எதிரேறித் துள்ளும்; வலையை இழுக்குங்கால் விளிம்பைத் தாண்டிக் குதித்துத் தப்பும். ஆதலின் மடைவாய்க்கு நீர்மட்டத்தினின்று மூன்றடி உயரம் வலைத்தடுப்பு இடவேண்டும். பிடிக்கும்போது இழுவலைக்குப் பின்னே மற்றொரு வலையை நீரின்மேற் கிடையாய்ப் பரப்பிச் சிலர் பிடித்து வருவாராயின், குதித்த மீன் அதன்மேல் விழும்.